அப்பா ஐடியில் கை வைத்த நாள்

அன்று அந்த டிவியில் என் படம் வந்தபோது அண்ணன் அதைப் பார்த்தாரா, இல்லையா? இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. கேட்டால் அவரும் தலையைக் குனிந்துகொள்வார், நானும் குனிந்துகொள்வேன்.

இது நடந்தது போன தை மாதம், திண்டிவனத்தில், என் நாத்தனாரின் புது வீட்டில். மறுநாள் விடியற்காலை கிரகப்பிரவேசம். அண்ணன் என்று நான் சொல்வது நாத்தனாரின் கணவரை. மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மொத்தக் கடையில், வேலை பார்க்கிறார். நல்ல மனிதர். அதிகம் பேச மாட்டார். அதனால்தான் அவர் பார்த்தாரா இல்லையா என்பது இவ்வளவு நாளாகியும் என்னைக் குடைகிறது. பேசுகிறவராக இருந்திருந்தால் ஏதாவது ஒரு பேச்சிலாவது தெரிந்திருக்கும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன், எங்கள் வீட்டு ‘அப்பா ஐடி’ பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முதன்முதலாக டச் போன் வாங்கியபோது, விழுப்புரத்தில் கடைக்காரரே அவர் பெயரில் ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு எந்தப் போன் வந்தாலும் அதே ஐடிதான். ரேஷன் கார்டு மாதிரி, குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். என் மாமியாரான அத்தையின் போன், என் கணவர் போன், கல்யாணமாகித் திண்டிவனம் போன நாத்தனார் போன், எல்லாவற்றிலும் அப்பா ஐடி. யார் எங்கே படம் எடுத்தாலும் அது தானாகவே மேலே கிளவுடுக்குப் போய், எல்லோர் போனிலும் தெரியும். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. புதுப் போனில் அந்த ஐடியைப் போட்டால், மாமாவின் போனில் ‘இது நீங்கள்தானா’ என்று ஒரு கேள்வி வரும். அவர் ‘ஆம்’ என்று அழுத்துவார். முடிந்தது.

மாமா இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. இப்போதும் அதே முறைதான். பூஜை அறையில் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் அந்தப் போன் இருக்கும். அத்தை தினமும் விளக்கேற்றிவிட்டு அதைச் சார்ஜில் போடுவார். வீட்டில் யாராவது புதுப் போன் வாங்கினால், அத்தை பூஜை அறைக்குப் போய் ‘ஆம்’ அழுத்திவிட்டு வருவார். “அப்பா ஒத்துக்கினாரு” என்பார்கள். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புது மருமகள் என்பதால் இருமுவது போல் சமாளித்தேன்.

எனக்கென்று ஓர் ஐடி இருந்தது. எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கும்போது போட்டது. நான் கர்ப்பமாக இருந்தபோது என் பழைய போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. கணவர் புதுப் போன் வாங்கி, அப்பா ஐடியைப் போட்டே கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு என் ஐடியே இருக்கட்டுமே என்று வாய் வரைக்கும் வந்தது. குடும்பத்தோடு ஒட்டாதவள் என்று நினைத்துவிட்டால்? சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அந்த ஐடிக்கு ஒரு சட்டமும் உண்டு. அதிலிருந்து யாரும் எதையும் அழிக்கக் கூடாது. மாமா இறந்த புதிதில், சொந்தக்காரப் பையன் ஒருவன் நாத்தனார் போனை வாங்கி, கேம் ஏற்ற இடம் வேண்டுமென்று பழைய படங்களையெல்லாம் அழித்துவிட்டான். அந்த நிமிடமே எல்லோர் போனிலும் மாமாவைக் காணோம். அத்தை சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். கடைக்காரர்தான் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டுக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு என் கணவரும் அண்ணனும் சேர்ந்து போட்ட சட்டம் அது. சாப்பாட்டுப் படமோ, தரையைத் தவறுதலாக எடுத்த படமோ, எதுவாக இருந்தாலும் அப்படியே கிடக்க வேண்டும். அப்பா ஐடியில் கை வைக்கக் கூடாது.

இனி என் விஷயம். குழந்தைக்கு இரண்டு மாதமாகும்போது எனக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டது. கல் மாதிரி இறுகி, சிவந்து, காய்ச்சல் வேறு. குழந்தைக்கும் உடம்பு சரியில்லை. கணவர் விதைக் கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத நிலையில் எனக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். “சிவந்த இடத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்மா, பார்த்துட்டு மருந்து சொல்றேன்” என்றார். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நான்கு படங்கள் எடுத்தேன். அனுப்பினேன். கணவருக்கும் அனுப்பினேன், மருந்து வாங்கி வருகிறவர் அவர்தானே. அடுத்த நிமிடமே போனின் கேலரியில் நான்கையும் அழித்துவிட்டேன். இரண்டு முறை சரிபார்த்தேன். மருந்து சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. படங்களை மறந்தும்விட்டேன்.

கேலரியில் அழித்தால் போனில் இருப்பது மட்டும்தான் போகும், அதற்குள் மேலே ஏறிவிட்டது அங்கேயே இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் காலையில் அத்தையும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் போனோம். அத்தை ஒரு மஞ்சள் பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. அதில் மாமாவின் படமும் போனும் இருந்தன. படம் சாமி அறையில் வைக்க. போன், புது டிவிக்கு. “அத்தை, மறக்காம மாமா போன எடுத்துக்கினு வந்துடுங்க, டிவில ஐடி போடணும்” என்று அண்ணன் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. அண்ணன் ரிமோட்டை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி ஐடியைப் போட்டார். மஞ்சள் பைக்குள் போன் அதிர்ந்தது. அத்தை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ‘ஆம்’ அழுத்தினார்.

“அப்பா ஒத்துக்கினாரு” என்று நாத்தனார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

சிறிது நேரத்தில் டிவியில் படங்கள் தானாக ஓட ஆரம்பித்தன. மாமா மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் அடிக்கிறார். என் கல்யாணப் பந்தி. என் குழந்தை தொட்டிலில். யாரோ எடுத்த தரை. மறுபடியும் மாமா. வேலைக்கு வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அண்ணன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. “நாளைக்கு ஃபுல்லா இது ஓடட்டும். வர்றவங்க எல்லாம் மாமாவப் பாத்துக்கினே சாப்புடட்டும்” என்றார்.

நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் எதிரில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஸ்டூலில் ஏறி வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். கண்டாச்சிபுரத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒருவர் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அது வந்தது.

சுவர் அகலத்துக்கு வந்தது. என் தாலிக் கயிறு, அவிழ்த்த நைட்டியின் ஓரம், சிவந்து வீங்கிய என் மார்பு. சில விநாடிகள்தான். பிறகு ஒரு பசுமாடு வந்தது.

நாத்தனார் தலையை நிமிர்த்தினாரா என்று நினைவில்லை. ஸ்டூல் ஆடிய சத்தம் கேட்டது. அண்ணன் கீழே இறங்கி, “ஆணி எடுத்துக்கினு வரேன்” என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு வெளியே போனார். அவருடைய இடுப்பில் ஏற்கெனவே ஆணிப் பொட்டலம் இருந்தது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு டிவிக்கு முன்னால் போய் நின்றேன். அதை நிறுத்தலாமென்றால் ரிமோட் அண்ணனின் சட்டைப் பையில். “என்னாடி, புள்ளைக்கு இப்பவே டிவி காட்டற?” என்றார் நாத்தனார். “அவ தாத்தாவப் பாக்கறா அண்ணி” என்றேன். எவ்வளவு நேரம் அப்படி நிற்க முடியும்? நாளைக்கு இந்த ஹால் நிறைய ஆட்கள் இருப்பார்கள். என் அப்பா வருவார். என் தம்பி வருவான். அண்ணனின் மண்டி ஆட்கள் அத்தனை பேரும் வருவார்கள்.

குழந்தைக்குப் பசி என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனேன். போனில் போட்டோ ஆப்பைத் திறந்து, அந்த மாதத்தைத் தேடிப் போனேன். நான்கும் இருந்தன, நான் அழித்ததாக நினைத்த நான்கும். ஒன்றை அழுத்திப் பிடித்து அடுத்ததைத் தொடப் போனபோது குழந்தை காலை உதைத்தாள். விரல் சறுக்கியது. மேலே எண்ணிக்கை தடதடவென்று ஏறியது. மாமாவின் படங்கள், காதுகுத்துப் படங்கள், எல்லாம் நீல டிக்கோடு வரிசையாக நின்றன. கீழேயே குப்பைத் தொட்டிப் படம். கொஞ்சம் பிசகியிருந்தால் நானும் அந்தக் கேம் பையனும் ஒன்று. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

கணவருக்குப் போன் செய்தேன். அவர் கள்ளக்குறிச்சி பக்கம் இருந்தார், மறுநாள் விடியற்காலைதான் வர முடியும். விஷயத்தைச் சொன்னதும், “ஐயோ” என்றார். உடனேயே, “நீ எதையும் தொடாத. அப்பா ஐடி. எக்குத்தப்பா ஆயிடப்போவுது. நான் வந்து பாத்துக்கறேன்” என்றார்.

“நீங்க வர்றதுக்குள்ள ஹோமமே ஆரம்பிச்சிடும்ங்க.”

“டிவிய ஆஃப் பண்ணச் சொல்லு.”

“என்னான்னு சொல்லுவேன்?”

“நெட்டு ஸ்லோன்னு சொல்லு” என்றார் கடைசியில். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கரெண்டு பில் ஏறும் என்றும் சொல்லச் சொல்லியிருப்பார்.

போனை வைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. பயம்தான் எனக்குப் பழக்கம், கோபம் புதிது. குழந்தையைப் படுக்கவைத்தேன். சேலை முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, நான்கை மட்டும், ஒவ்வொன்றாக, தனித்தனியாகத் தொட்டு அழித்தேன். ‘இந்தக் கணக்கு உள்ள எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கப்படும்’ என்று ஒவ்வொரு முறையும் எச்சரித்தது. அதுதானே எனக்கு வேண்டும். அழுத்தினேன். சட்டத்தை மீறியாகிவிட்டது.

ஹாலுக்கு வந்து, துணி மடிக்கிற சாக்கில் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு, கல்யாணம், கோவில், தொட்டில். வரவில்லை. அப்பாடா என்று எழுந்திருக்கும்போது மறுபடியும் அதே படம்.

ஓடிப்போய் மறைத்தேன். கணவருக்கு மறுபடியும் போன் செய்து கேட்ட பிறகுதான் புரிந்தது. நான் அனுப்பிய படங்களை என் கணவர் ஒரு வாரம் கழித்து, மறுபடி வந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்று தன் போனில் சேமித்திருக்கிறார். அவருடைய போனிலும் அப்பா ஐடி. அதனால் அவையும் மேலே ஏறி, வேறு தேதியில் போய் உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் எங்கெங்கே இருக்கின்றனவோ. அந்த ஐடியில் கிடக்கிற அத்தனை வருடப் படங்களில் எத்தனையைப் புரட்டுவது? ஒன்று தப்பினாலும் நாளைக்கு அது சுவர் அகலத்துக்கு வரும்.

அழிப்பது மட்டும் போதாது. இந்த டிவியிலிருந்து அப்பா ஐடியையே எடுக்க வேண்டும். அதற்கு நான் வாயைத் திறக்க வேண்டும்.

சமையலறையில் அத்தை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் உரித்த பூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கதவை லேசாகச் சாத்திவிட்டு, “அத்தை, டிவில என் படம் வருது” என்றேன்.

“வந்தா வரட்டும். லட்சணமாத்தானே இருக்கற” என்றார் நாத்தனார்.

“அந்தப் படம் இல்ல அண்ணி. பால் கட்டினப்போ டாக்டருக்கு அனுப்பினேன் இல்ல, அது.”

தண்ணீர்க் குழாய் நின்றது. நாத்தனார் என்னைப் பார்த்தார். “அடிப்பாவி. செவசெவன்னு ஒண்ணு வந்துதே, அதா? நான் நம்ம பாப்பா கன்னத்த கிட்டத்துல எடுத்தியோன்னு இல்ல நெனச்சேன்.”

சிரிப்பதா அழுவதா தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன். நாத்தனார் ஈரக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அத்தை கத்தியைக் கீழே வைத்தார். நான் நினைத்தேன், இப்போது வரும், அப்பா ஐடியில் ஏன் அந்த மாதிரிப் படம் ஏறியது என்று கேட்பார், படித்த பெண்ணுக்கு இது தெரியாதா என்று கேட்பார். அழித்ததையும் சொல்லிவிடலாம் என்று, “நான் நாலு அழிச்சிட்டேன் அத்தை” என்றேன்.

“எனக்கும் ஒண்ணு அழிக்கணும்” என்றார் அத்தை.

இருவருமே திரும்பிப் பார்த்தோம். அத்தை பூசணிக்காயைப் பார்த்தபடியே பேசினார். மாமாவின் காரியத்தன்று, பூ வைத்து, வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் எடுப்பார்களே, அந்த நேரத்தில் யாரோ படம் எடுத்து மாமா நம்பருக்கே அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் அப்பா ஐடியில் ஏறிவிட்டது.

“வருசா வருசம் அந்தத் தேதி வந்தா போன் தானா எடுத்துக் காட்டுது. இதே நாள்ல என்னா நடந்துதுன்னு. பாட்டு வேற போடுது” என்றார். “யார் கிட்ட சொல்றது? அப்பா ஐடில கை வெக்கக் கூடாதுன்னு ஆளாளுக்குச் சட்டம் போட்டுக்கினீங்க. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?”

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏம்மா சொல்லல?” என்றார். “நீ கேக்கல” என்றார் அத்தை. பூசணிக்காயைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். “எங்க அழுத்தணும், சொல்லு.”

முதலில் டிவி. நாத்தனார் வாசலைப் பார்த்து, “என்னாங்க, செத்த வாங்க” என்று கூப்பிட்டார். அண்ணன் வந்ததும், டிவியிலிருந்து அப்பா ஐடியை எடுத்துவிடச் சொன்னார். அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. “எதுக்கு? இப்பத்தானே போட்டேன். நாளைக்கு எல்லாரும் மாமாவப் பாக்கணும்னு தானே” என்றார். நாத்தனார் என்னைப் பார்த்தார்.

பத்து நிமிடம் முன்னால் என்றால் நெட் ஸ்லோ என்று சொல்லியிருப்பேன். ஆனால் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன்: “அண்ணா, அதுல பொம்பளைங்க டாக்டருக்கு அனுப்பின படமெல்லாம் கலந்து கெடக்குது. நாளைக்கு அது ஹால்ல வரக் கூடாது. மாமா படத்த மட்டும் தனியா எடுத்து டிவில வெச்சித் தரேன். நீங்க கேட்டத விட நல்லாவே வரும்.”

ஒரு வார்த்தையும் விழுங்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்தார். ரிமோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். “செய்ம்மா” என்றார். அவ்வளவுதான்.

அன்று பிற்பகல் முழுவதும் அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வேலை செய்தோம். என் குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தாள். முதலில் டிவியிலிருந்து அப்பா ஐடியை வெளியே எடுத்தேன். வீட்டுக்கென்று புதிதாக ஓர் ஐடி போட்டேன். பாஸ்வேர்டை மூன்று பேருமாக யோசித்து வைத்தோம். பிறகு மாமாவின் படங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தோம். அத்தை சொல்வார், நான் தொடுவேன். “இது வேணா, சட்டையில கறை.” “இது வெச்சிக்கோ, அன்னிக்கு அவருக்கு நல்ல மூடு.” எல்லாவற்றையும் ஓர் ஆல்பமாக்கிப் புது ஐடிக்கு அனுப்பினேன். அனுப்பினால் மட்டும் போதாது, அங்கே சேமித்துக்கொள்ளவும் வேண்டும், இல்லாவிட்டால் இங்கே அழிந்தால் அங்கேயும் போய்விடும். அதை நான் முதலில் அத்தையின் சாதாரணப் படம் ஒன்றில் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் மற்றதைச் செய்தேன். சந்தேகப் புத்தி முதல் முறையாக எனக்கு உதவியது.

மாமாவின் படங்கள் பத்திரம் என்று ஆன பிறகு, அழிக்க ஆரம்பித்தோம். என் கணவர் சேமித்த படங்களைத் தேடிப்பிடித்து எடுத்தேன். வாட்ஸ்அப்பிலிருந்து ஏறிய இன்னொரு வரிசை வேறிடத்தில் இருந்தது. அதையும் எடுத்தேன். அத்தை சொன்ன காரியத்தன்றைய படமும் கிடைத்தது. நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “இதப் படம் புடிக்க எப்படித்தான் கை வந்துதோ” என்றார். அவரே அழுத்தினார்.

“தொட்டிலதானே போவுது? யாராவது பொறுக்கிக்குவாங்களா?”

“அதையும் காலி பண்ணிடலாம் அத்தை.” தொட்டியையும் காலி செய்தோம்.

பிறகு ஒவ்வொரு போனாகத் திறந்து பார்த்தோம். நாத்தனார் போனில் இல்லை. அத்தை போனில் இல்லை. மாமாவின் போனில் மட்டும் ஓர் அறிவிப்பு நின்றது. அந்தப் படம் முதலில் வந்து இறங்கியது அந்தப் போனில் அல்லவா? மேலே அழிந்துவிட்டது, இந்தப் போனில் உள்ளதையும் நீக்கலாமா என்று அனுமதி கேட்டது.

“அவரையும் கேக்குது பாரு” என்றார் அத்தை. அத்தை போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நேராகப் பார்த்து, ‘அனுமதி’ என்பதை அழுத்தினார். பிறகு எழுந்துபோய், பாதியில் விட்ட பூசணிக்காயை நறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் ஹோமப் புகை அடங்கியதும் அண்ணன் டிவியைப் போட்டார். மாமா மாட்டுக்கு வண்ணம் அடித்தார். வீட்டுப் பழைய ஆல்பத்திலிருந்து போனில் எடுத்திருந்த படங்களில், மாமா கண்டக்டர் பையோடு சிரித்தார். மாமா என் கணவரைச் சிறுவனாகத் தோளில் தூக்கி வைத்திருந்தார். ஒரு தரைப் படம்கூட இல்லை. பந்தியில் உட்கார்ந்த மண்டி ஆட்கள் இலையைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் ஹாலின் நடுவிலேயே உட்கார்ந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்தேன். டிவியை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

விடியற்காலை வந்து சேர்ந்த என் கணவர் விவரம் தெரிந்ததும், “அப்பா ஐடில கை வெச்சியா?” என்று என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார். எங்கிருந்துதான் கேட்டதோ, அத்தை வந்துவிட்டார். “நான்தான் வெச்சேன். போயி பந்திக்குத் தண்ணி ஊத்து” என்றார். கணவர் ஜக்கை எடுத்துக்கொண்டு போனார்.

பந்தி முடிவதற்குள் விஷயம் பெண்கள் மத்தியில் பரவிவிட்டது. கண்டாச்சிபுரம் பெரியம்மா போனை நீட்டி, “எம் மருமவன் நான் வாயத் தொறந்துக்கினு தூங்கறத எடுத்து வெச்சிருக்கறான், எல்லாத்துலேர்ந்தும் எடுத்துக் குடுடி” என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் போனோடு நின்றார்கள். கை கழுவக்கூட விடவில்லை. அதற்கு முன் அந்தக் குடும்பத்தின் விசேஷங்களில் நான் பாத்திரம் எடுத்து வைக்கிற மருமகளாகத்தான் இருந்தேன். அன்று எனக்கு நாற்காலி போட்டார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கு ஓர் ஐடி. என் போனில் என் கல்லூரி ஐடி திரும்ப வந்துவிட்டது. எதை அழிப்பது, எதை வைப்பது என்று அவரவர்தான் முடிவு செய்கிறார்கள். அன்று அந்தச் சமையலறையில் எனக்குக் கிடைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்: என் படத்தைப் பற்றி, ‘இது வேண்டாம்’ என்று சொல்கிற உரிமை எனக்கு உண்டு என்பது. அத்தைக்கும் அது உண்டு என்பதை அவர் வாயாலேயே கேட்டது.

ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை. என் மகள். அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் படங்கள், ஊசி போட்டு அழும் படங்கள், உடம்பில் துணியில்லாமல் புரளும் படங்கள் என் போனில் நிறைய இருக்கின்றன. சிலவற்றை ஆசையில் சொந்தங்களுக்கு அனுப்பியும் இருக்கிறேன். அழிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கிறேன். இந்தச் சிரிப்பு மறுபடி வருமா என்று விட்டுவிடுகிறேன். வைத்துக்கொள்ளலாம் என்று மூடுகிறேன். வளர்ந்த பிறகு இதைப் பார்த்து இவள் என்ன நினைப்பாள் என்று மறுபடி திறக்கிறேன். வளர்ந்த பிள்ளைகள் உள்ள அம்மாக்களே, உங்கள் பிள்ளைகளின் படங்களில் எதை வைத்தீர்கள், எதை அழித்தீர்கள்? ஏன் வைத்தாய் என்றோ, ஏன் அழித்தாய் என்றோ அவர்கள் உங்களைக் கேட்டதுண்டா? எனக்கு எழுதுங்கள். அவள் பேசத் தொடங்குவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.